கட்டுப் போட்ட கை

காலை பத்தேகால் மணி. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல வாசலுக்கு ஓடினார்கள். முகப்பில் ஏணி மேல் நின்று எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையை எழுதிக்கொண்டிருந்தான் என் மகன் சீனு. மூன்றாம் வகுப்புச் சன்னல் வழியாக அவனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்வரியில் தெலுங்கை முடித்திருந்தான். கீழ்வரியில் தமிழ் பாதி வந்திருந்தது. அடுத்த எழுத்துக்காகப் பிரஷை உயர்த்தினான். பிரஷ் நழுவி விழுந்தது.

கீழே நின்ற பெண்பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுத்தது. வாங்கினான். வாங்கிய பிரஷ் மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் விளையாட்டுக் காட்டுகிறான் என்று அவர்களுக்கு நினைப்பு. ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவன் தன் வலது கையையே பார்த்தான். முழங்கையை மடக்கித் தூக்கினான். கை வந்தது, மணிக்கட்டுக்குக் கீழே வரவில்லை. கழுத்து திருகிய கோழி மாதிரி தொங்கியது. இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினான். விட்டான். மறுபடி தொங்கியது.

நான் வெளியே ஓடுவதற்குள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான்.

“இன்னாடா ஆச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. மரத்துப் போயிருக்குது. நீ கிளாசுக்குப் போ.”

முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெயில் இன்னும் உறைக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனை அவன் மேல் எப்போதும் வீசும்.

இதெல்லாம் நடந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. இன்றைக்கும் வகுப்பில் ஒரு பல்பக் குச்சி தரையில் விழுந்தால் என் பார்வை முதலில் சன்னல் பக்கம்தான் போகிறது.

இரண்டு பக்கமும் வேலை

அரசாங்கப் பள்ளியில் வேலை நிலைக்க வேண்டுமென்று, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் நான் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படித்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது நாங்கள் இருந்த நகரி அதோடு சேர்ந்தது. அதற்கப்புறமும் சில வருஷம் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேச்சு ஓயவில்லை. கடைசியில் எல்லைக் கணக்கைத் தீர்த்தார்கள். திருத்தணி மெட்ராஸோடு போயிற்று. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது.

பெரியவர்கள் மேடையில் பேசினார்கள். எங்கள் வீட்டில் அதனால் நடந்தது ஒன்றுதான். சீனுவுக்கு வேலை குவிந்தது.

அந்த வட்டாரத்தில் இரண்டு மொழியையும் ஒரே அழகில் எழுதத் தெரிந்த பெயிண்டர் அவன். சத்தியவேட்டுப் பக்கம் தமிழைச் சுரண்டிவிட்டுத் தெலுங்கு. திருத்தணிப் பக்கம் தெலுங்கைச் சுரண்டிவிட்டுத் தமிழ். நகரியில் மேலே தெலுங்கு, கீழே தமிழ். ஆபீசுகள், பள்ளிக்கூடங்கள், அரிசி மில்கள், துணிக்கடைகள். சித்தூர் வெல்ல மண்டியிலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டார்கள். பண்டிகை நாளில் மட்டும்தான் பகலில் அவனை வீட்டில் பார்க்க முடிந்தது.

டீக்கடையில் எந்த மொழி பெரியது என்று தினம் ஒரு சண்டை நடக்கும். ஒருநாள் சீனுவையே நடுவராக்கிவிட்டார்கள்.

“ரெண்டையும் எழுதற. நீ சொல்லுடா, எது பெருசு?”

“எது பெருசுன்னு தெரியாதுண்ணா. எதைச் சுரண்டினாலும் எனக்குத் தும்மல்தான் வருது” என்றான்.

கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொல்லிச் சிரித்தான். தட்டின் மேல் அவன் தும்மிய இடத்தில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. துடைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

திருப்பதியில் கற்ற முனை

படிப்பு அவனுக்கு ஏறவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் தவறியதும் இரண்டு நாள் கழனிக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் திருப்பதிக்குப் போய், ரயிலடிப் பக்கம் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் சேர்ந்துவிட்டான். மலைக்கு வரும் ஜனங்களுக்காக விடுதிக்காரர்கள் நாலு மொழியில் பலகை வைப்பார்கள். அந்த வேலைதான் அவருக்கு முழுக்க.

நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் சின்ன இடம். தரையெல்லாம் வண்ணம். நாலைந்து பேர் குந்திக்கொண்டு எழுதினார்கள். ஒவ்வொருவரும் பிரஷை வண்ணத்தில் தோய்ப்பதற்கு முன்னும் பின்னும் உதட்டில் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தார்கள். மயிர் அத்தனையும் ஒட்டி ஊசி போல நின்றது. தமிழுக்குச் சுழி வேண்டும், தெலுங்குக்கு வட்டம் வேண்டும். இரண்டுக்கும் முனை வேண்டும். வாயில் வைக்காதவனை அங்கே யாரும் பெயிண்டர் என்று சொல்வதில்லை.

“அம்மா, மீ அப்பாயிக்கு, உங்க பையனுக்கு, நல்ல வாயி! முனை எப்படி வருது பாருங்க” என்றார் முதலாளி, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக. மெலிந்த மனிதர். பேசும்போதே வயிற்றைக் கையால் அழுத்திக்கொள்வார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்.

வண்ணத்துக்கு வெள்ளை தருவது சபேதா என்கிற பொடி. எண்ணெயில் குழைத்தால் பால் மாதிரி வரும். எந்த வண்ணத்திலும் கொஞ்சம் சபேதா இருக்கும். இரும்புத் தகட்டில் எழுதும் முன் சிவப்பாக ஒரு பூச்சு அடிப்பார்கள். இரண்டுமே ஈயம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தவர்கள் அந்த மாடிப்படிக்கு அடியில் யாரும் இல்லை.

சூடு என்றார்கள்

கை விழுவதற்குப் பல மாதம் முன்பே வயிற்று நோவு வந்துவிட்டது. சுருண்டு படுப்பான். கொல்லைக்குப் போய் நாளாகிவிடும். சோறு வேண்டாம் என்பான்.

“ஒரு வாய் துன்னுட்டுப் போடா.”

“வாணாம்மா. வாயெல்லாம் காசு வெச்ச மாதிரி இனிப்பா இருக்குது.”

ஏணி மேல் வெயிலில் நிற்கிறவனுக்குச் சூடு ஏறாமல் என்ன செய்யும் என்றார்கள். எண்ணெய் தேய்த்து ஊற்றினேன். விளக்கெண்ணெய் கொடுத்தேன். உள்ளூர் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். மோர், வெந்தயம், இளநீர் எல்லாம் ஆயிற்று. நாலு நாள் வேலையில்லாமல் படுத்திருந்தால் தேறுவான். எழுந்து வேலைக்குப் போனால் திரும்ப நோவு. அந்தக் கணக்கு எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

நைனா போட்ட கட்டு

பள்ளிக்கூட வாசலிலிருந்து அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த கதைக்குத் திரும்புகிறேன்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் புத்தூர்ப் பக்கம் பேர் போனது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கெல்லாம் ஒரு குணம் வந்துவிட்டது. கை காலில் எது கெட்டாலும் முதலில் எலும்பைத்தான் நினைப்போம். கட்டுப் போடுகிற பரம்பரையைச் சேராதவர்களும் வீட்டுக்கு ஒருவர், கட்டு தனக்கும் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரர். உழவு மாட்டுக்கும் கட்டியிருக்கிறார், எனக்கும் ஒருமுறை கட்டியிருக்கிறார்.

கழனியிலிருந்து வந்தவர் மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நோவுதாடா?”

“இல்ல நைனா.”

“நோவு இல்லன்னா முறியல. பெசகிக்கினு இருக்குது. ஏம்மே, ரெண்டு முட்டை எடு.”

முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்து, மூங்கில் பத்தை வைத்து, மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டினார். காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகியது.

மறுநாள் காலை சீனு ஒரு பிரஷை எடுத்து விரலுக்குள் செருகிப் பார்த்தான். நின்றது. மணிக்கட்டு தொங்காததால் விரல் பிடித்தது. தோளிலிருந்து கையை ஓட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டான். நேராக வந்தது. இன்னொன்று போட்டான்.

“பாத்தியாம்மே? கட்டுன்னா இது கட்டு!” என்றார் அவர்.

எனக்கும் உயிர் வந்தது. பள்ளிக்கூடப் பலகையின் கீழ்வரியை அந்தக் கட்டோடேயே எழுதி முடித்தான். ஊரே வந்து பார்த்தது. கட்டுப் போட்ட கையால் எழுதுகிறான் என்று பேர் பரவி, இன்னும் நாலு இடத்தில் கூப்பிட்டார்கள். போனான். உதட்டில் கவ்விக் கவ்வி எழுதினான்.

கட்டு அவன் நோயைத் தீர்க்கவில்லை. நோய் தெரியாமல் வேலை செய்ய வைத்தது. முட்டை வெள்ளை மணக்கும் அந்தக் கட்டை இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்.

திருத்தணிக் கிருத்திகைக்குத் தலை முழுகிவிட்டுக் கட்டை மாற்றலாம் என்று ஒருநாள் அவிழ்த்தார். கை பொத்தென்று விழுந்தது. முன்பைவிட மோசம். முன்கையின் மேல்சதை வற்றி எலும்பு தெரிந்தது. புதுத் துணியை நீட்டிப் பிடிக்க சீனு இடது கையை நீட்டினான். அதில் நடுவிரலும் மோதிரவிரலும் நிமிரவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த இரண்டு விரலையும் தொட்டார். நிமிர்த்திவிட்டார். மடிந்தன. முட்டைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

“இது எலும்பு இல்லம்மே” என்றார். “வேலூருக்குக் கூட்டிக்கினு போலாம்.”

“வாயைத் திற தம்பி”

நகரியில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, காட்பாடியில் இறங்கினோம். வண்டியில் சீனு சன்னலோரம் உட்கார்ந்தான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப் பலகையைப் பார்த்தான். தலையைச் சாய்த்து எழுத்தை எடை போடுவது அவன் வழக்கம். அன்றைக்கும் செய்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். கையைத் தட்டிப் பார்த்தார். விரல்களை நிமிர்த்தச் சொன்னார். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். போர்டு எழுதுகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாயைத் திற தம்பி.”

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். என்னையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக் கறுப்பில் மெல்லிய கோடு. மைப் பேனாவால் இழுத்த மாதிரி இருந்தது.

“பிரஷை வாயில வைப்பியா?”

“வைக்காம முனை எப்படிங்க வரும்?”

அவர் சிரிக்கவில்லை. ஈயம், அம்மா, என்றார் என்னைப் பார்த்து. சபேதாவில் ஈயம், சிவப்புப் பூச்சில் ஈயம், சுரண்டிய பழைய வண்ணத்தின் தூசியில் ஈயம். வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்ப் போய் ரத்தத்தில் சேர்ந்து, வயிற்றைப் பிடித்து, கை நரம்பைப் பிடித்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “நான் கட்டுப் போட்டேங்க. அதனால கெட்டுச்சா?”

“கட்டால கெடலைங்க. கை தொங்காமத் தாங்கணும், நாங்களும் பட்டைதான் வைக்கப் போறோம். ஆனா விஷம் உள்ளே போய்க்கிட்டே இருந்தா எந்தக் கட்டும் நிக்காது.”

ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். பல நாள் அங்கே இருந்தோம். வார்டில் டெட்டால் வாசனையும், வெளியே யாரோ தாளிக்கும் வாசனையும் கலந்து வரும். வயிற்று நோவு முதலில் போயிற்று. ஒருநாள் அவனாகவே சோறு கேட்டு வாங்கி உண்டான்.

கை மட்டும் அப்படியே இருந்தது.

“நரம்பு மெதுவாத்தான் வரும். வரும்னு நினைக்கிறேன்” என்றார் டாக்டர், கிளம்பும் நாளில். பிறகு அவனிடம் தனியாகச் சொன்னார். “ரெண்டாவது தடவை விழுந்தா நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.”

தரையில் தண்ணீர்

வீட்டுக்கு வந்த முதல் வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லச் சொன்னான். பிறகு தேடி வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். கை விழுந்த பையன் என்று பேராகிவிட்டது. பக்கவாதம் என்றார் ஒருவர். தொற்றும் என்றார் இன்னொருவர். அவன் எழுத வேண்டிய பலகைகள் வேறு கைகளுக்குப் போயின.

நான் தெலுங்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்பு சிமெண்டுத் தரை. ஒருநாள் சிலேட்டைத் தேடச் சோம்பல்பட்டு, விரலைத் தண்ணீரில் தோய்த்துத் தரையிலேயே தெலுங்கு எழுத்தை எழுதினேன்.

“அது இன்னாம்மா, ஜிலேபி பிச்சுப் போட்ட மாதிரி?”

படுத்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீதான் பெரிய பெயிண்டர் ஆச்சே. எழுதிக் காட்டு.”

கோபத்தில்தான் எழுந்து வந்தான் என்று நினைக்கிறேன். பட்டை கட்டிய கையில் ஒரு பழைய பிரஷைச் செருகிக்கொண்டு தண்ணீரில் தோய்த்து எழுதினான். கோணலாக வந்தது. எனக்கே அதைவிட நன்றாக வந்திருக்கும். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிமெண்டில் ஈரம் காய்ந்து எழுத்து மறைந்தது. உடனே அதே இடத்தில் மறுபடி எழுதினான்.

அன்றிலிருந்து காலையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்துவிடுவான். டாக்டர் சொன்னபடி விரல்களை நிமிர்த்தி மடக்கும் பயிற்சி முதலில். பிறகு எழுத்து. கை சோர்ந்தால் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவனுக்குக் கற்பிக்க முடியவில்லை. தண்ணீர்ச் சொம்பை நான் எடுத்து ஒளித்து வைப்பேன்.

ஒரு சாயங்காலம், “அம்மா, இங்க பாரு” என்று கூப்பிட்டான். பட்டையை அவிழ்த்திருந்தான். மேசை விளிம்பில் முன்கையை வைத்திருந்தான். கை தொங்கியது. பல்லைக் கடித்தான். தொங்கிய கை கொஞ்சம், ஒரு எலுமிச்சம்பழம் புகும் அளவுக்கு, மேலே வந்தது. நடுங்கியது. விழுந்தது.

“நைனாவைக் கூப்பிடு” என்றான்.

எங்கள் சண்டை

கை வர வர, எனக்கு வேறு பயம் வந்தது. இவன் திரும்பவும் பிரஷைப் பிடிப்பான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக, கரும்பு எடை போடும் இடத்தில் அவனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தேன். நிழலில் உட்காரும் வேலை. நான் அதைச் சொன்னதும், சோறு பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

“கரும்பு எடை போடவா என்னை வேலூருக்கு இட்டுக்கினு போனே?”

“உயிரோட இருக்கத்தான்டா இட்டுக்கினு போனேன்.”

“எழுதறதுதாம்மா எனக்குத் தெரியும். எழுதி எழுதிக் கெட்டேன். கெடாம எழுதக் கத்துக்கறேன்.”

நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன்.

“கழனி வரப்புல பாம்பு கெடக்குதுன்னு நான் போகாம இருந்தேனாம்மே? கோல் எடுத்துக்கினு போனேன். அவனும் போட்டும்” என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். எழுதட்டும். நான் சொல்கிறபடி எழுதட்டும்.

சபேதாவை விட்டான். துத்தநாக வெள்ளை என்று ஒன்று மெட்ராஸில் கிடைக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை வரவழைத்தான். அது சரியாக மறைக்காது, இரண்டு பூச்சு கேட்கும். கேட்கட்டும் என்றான். பழைய பலகையை உலர்ந்தபடி சுரண்டுவது இல்லை. தண்ணீர் விட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வழித்தெடுப்பான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவ வேண்டும். வேலைச் சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது.

முனைதான் பெரிய பாடாக இருந்தது. உதடு செய்ததை எது செய்யும்? துணியில் இழுத்தான், பிரிந்தது. வாழைமட்டையில் இழுத்தான், வழுக்கியது. கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டில் எண்ணெய் தடவி, பிரஷைச் சாய்த்து உருட்டி இழுத்தால் மயிர் ஒட்டியது. உதட்டில் வந்த முனை இல்லை. அதைக் கொண்டு எழுத, எழுத்தையே கொஞ்சம் மாற்றினான். வால்களைத் தடிப்பாக்கினான். பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் ஊர் சும்மா பார்க்குமா? சின்னப் பலகை ஒன்றை எழுத டீக்கடைப் பக்கம் போனபோது, சோப்பும் சொம்பும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். டீக்கடைக்காரர் உரக்கக் கேட்டார்.

“இன்னா டீச்சரம்மா, பையன் இன்னும் பால் குடிக்கிறானா?”

“குடிக்கிறான். உங்க கடைப் பாலை வாணாம்னுட்டான், அதுல பாதி தண்ணியாம்” என்றேன்.

சீனுவுக்கு வெட்கம். ஆனால் சிரித்துவிட்டான்.

பஸ் ஷெட்டில்

அதற்கப்புறமும் பெரிய வேலை எதுவும் வரவில்லை. சின்னப் பலகைகள், அதுவும் தெரிந்தவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தவை. இரக்கத்தில் வரும் வேலை அவன் கையைவிட மனதை அதிகம் தளர்த்தியது. ஒரு பெரிய வேலையை முழுதாகச் செய்து, கை நின்றது என்று தனக்கே தெரிய வேண்டும் என்று இருந்தான். அது நடக்காவிட்டால் கரும்பு எடைக்கே போகிறேன் என்று அவனே ஒருநாள் சொன்னான். அப்படி அவன் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று.

கோடை விடுமுறையில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். நகரிக்கும் திருத்தணிக்கும் ஓடும் பஸ் இப்போது இரண்டு ராஜ்யத்தில் ஓடியது. ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ் என்று பெயரும் ஊர்களும் எழுத வேண்டும். பஸ் முதலாளி புத்தூரில் இருப்பவர். குற்றம் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவர். இரண்டு மொழியும் எழுதுகிற ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். சீனுவின் கை விஷயம் அவருக்குத் தெரியுமா என்று டிரைவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தெலுங்குப் பக்கத்தை முதல் நாளே முடித்துவிட்டான். மறுநாள் தமிழ்ப் பக்கம். முதலாளி நடுப்பகலுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள்.

ஷெட்டுக்குத் தகரக் கூரை. பஸ்ஸின் தமிழ்ப் பக்கம் வெளியே வெயிலில் நின்றது. தகடு கொதித்தது. கிரீஸ் நாற்றம். நான் சோப்பும் சொம்பும் வைத்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

பாதி எழுதியபோது மணிக்கட்டு தாழ்வதைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். இறங்கி வந்து, ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விரல்களை நிமிர்த்தி மடக்கினான். கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்தான். பழைய சீனு உட்கார்ந்திருக்க மாட்டான்.

மறுபடி ஏறினான். திருத்தணி என்று எழுத வேண்டிய இடம். வெயிலில் வண்ணம் இறுகி முனை பிரிந்தது. கண் எழுத்தின் மேலேயே இருந்தது. கை தானாகப் பிரஷைத் தூக்கி வாய்க்குக் கொண்டு போயிற்று.

நான் கத்த வாயெடுத்தேன்.

உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. அப்படியே சில கணம் நின்றது. பிறகு இறங்கி, கண்ணாடித் துண்டில் சாய்த்து உருட்டி இழுத்தான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எழுதப் போய்விட்டான்.

நடுப்பகல் போயிற்று. முதலாளி வரவில்லை. சீனு எழுதி முடித்து, கை கழுவி, கட்டுச்சோறு உண்டு, படிக்கட்டில் சாய்ந்திருந்தான். நான் நின்றபடியே இருந்தேன். வந்ததும் அவர் முதலில் எழுத்தைப் பார்ப்பாரா, கையைப் பார்ப்பாரா என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. கையைப் பார்த்தால், அய்யோ பாவம் என்பார். அந்த ஒரு சொல்லை அவன் தாங்க மாட்டான்.

வெயில் சாய்ந்த பிறகுதான் ஜீப் வந்தது. வெள்ளை வேட்டி, கையில் ஒரு துண்டு. சீனு எழுந்து நின்றான். வலது கையைப் பின்னால் கொண்டு போகவில்லை. முதலாளி அவனைப் பார்க்கவே இல்லை. நேராகப் பஸ்ஸைச் சுற்றினார். தெலுங்குப் பக்கம் பார்த்தார். தமிழ்ப் பக்கம் வந்தார். பின்னால் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய் நகத்தால் ஒரு எழுத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏமப்பா, திருத்தணி சின்னதா இருக்குதே. ஜனம் தூரத்துல இருந்து பார்க்க வாணாமா?”

“இடம் அவ்வளவுதான் சார். ஜன்னலுக்குக் கீழ இன்னும் ரெண்டு விரல் இறக்கினா பெருசா போடலாம்.”

“போடு. இன்னொரு பஸ் பண்டி வர்ற வாரம் ஷெட்டுக்கு வருது. அதுல பெருசா போடு. இதையும் அப்புறம் சரி பண்ணிடு.”

“சரி சார்.”

அவ்வளவுதான் பேச்சு. ஜீப்பை நோக்கி நடந்தவர், குடையும் சொம்புமாக நின்ற என்னை அப்போதுதான் கண்டார். யார் என்று டிரைவரைக் கேட்டார். பையனோட அம்மா என்றார் டிரைவர்.

அவர் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவன்தான் நல்லா எழுதிக்கினு இருக்கிறானே, நீங்க எதுக்கும்மா வெயில்ல நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க” என்றார்.